பொடி வைக்காமல் ஒட்டிய தங்கம்: ஜான் பால் மில்லர், ஒரு நிகழ்வு ஆய்வு

நகைப் பட்டறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், தங்கத்தோடு தங்கத்தை ஒட்டப் பொடி வேண்டும். தங்கத்தில் வெள்ளியும் செம்பும் கலந்து, நகையைவிடக் குறைந்த சூட்டில் உருகும்படி செய்து வைத்திருக்கும் ஒட்டுப்பொடி அது. வெண்காரத்தைக் குழைத்துத் தடவி, பொடியை வைத்து, ஊதுகுழலால் தீயைத் திருப்பினால், ஒரு நொடியில் பொடி உருகி இடுக்குக்குள் ஓடிவிடும். 'பொடி வைத்துப் பேசுகிறார்' என்று நாம் சொல்வதுகூட இந்தப் பட்டறையிலிருந்து வந்த பேச்சு என்பார்கள். பொடி வைத்த இடம் தெரியாமல் முடிப்பவர்தான் நல்ல வேலைக்காரர்.

சரி, பொடியே வைக்காமல் ஒட்ட முடியுமா? அதுவும் கடுகைவிடப் பல மடங்கு சிறிய தங்க மணிகளை, ஆயிரக்கணக்கில், ஒரு தகட்டின் மேல், ஒன்றுகூட உருகிச் சப்பிப்போகாமல்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பல பத்தாண்டுகள் வேலை செய்த ஒருவர் அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில், கிளீவ்லாந்து நகரில் இருந்தார். பெயர் ஜான் பால் மில்லர். 1918-ல் பென்சில்வேனியா மாநிலத்தில் ஹண்டிங்டன் என்ற ஊரில் பிறந்தவர். 2013-ல், 94 வயதில் மறைந்தார்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: 'தொலைந்துபோன எட்ருஸ்கன் கலையை மீட்டவர்.' (எட்ருஸ்கன்கள் பழங்கால இத்தாலியில் வாழ்ந்த மக்கள்; அவர்களுடைய தங்க மணி வேலையைத்தான் அந்த வரி சொல்கிறது.) இந்த ஆய்வை எழுத உட்கார்ந்ததே அந்த வரி எனக்குப் போதவில்லை என்பதால்தான். மீட்டது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் அதை அவருக்கு முன்பே ஐரோப்பாவில் சிலர் செய்திருந்தார்கள். மில்லரின் உண்மையான சாதனை அந்த நுட்பம் கைக்கு வந்த பிறகு தொடங்குகிறது.

எஃகு நகரத்தில் ஒரு தங்க வேலைக்காரர்

கிளீவ்லாந்து என்றதும் நினைவுக்கு வருவது இரும்பும் எஃகும், ஏரிக்கரைத் துறைமுகமும், பெயின்ட் ஆலைகளும். நகைக்குப் பேர்போன ஊர் அல்ல. நியூயார்க்கில் ஐந்தாம் அவென்யூவில் வைரக் கடைகள் வரிசையாக இருந்த காலத்தில், இங்கே ஒரு பொற்கொல்லர் உருவானது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் வேறு எந்த ஊரிலும் மில்லர் இப்படி உருவாகியிருக்க முடியாது என்றே எனக்குப் படுகிறது.

முதல் காரணம், ஊரில் இருந்த கலைப்பள்ளி. கிளீவ்லாந்து கலைப்பள்ளி என்று அப்போது பெயர், பிற்பாடு கிளீவ்லாந்து இன்ஸ்டிடியூட் ஆஃப் ஆர்ட் ஆனது. அங்கே மில்லர் படித்தது நகை வேலை அல்ல, தொழில்துறை வடிவமைப்பு. விக்டர் ஷ்ரெக்கன்காஸ்ட் தொடங்கிய பிரிவு அது. சைக்கிளிலிருந்து பீங்கான் தட்டுவரை எல்லாவற்றையும் வடிவமைத்தவர் அவர். ஒரு பொருளை வரைவதற்கு முன் அது எப்படிச் செய்யப்படும், எந்தச் சூட்டில், எந்த வரிசையில் என்று யோசிக்கப் பழக்கும் படிப்பு. 1940-ல் மில்லர் படிப்பை முடித்தார்.

நகை வேலையைக் கற்றுக்கொடுத்தவர் கூடப் படித்த நண்பர் பிரெடரிக் மில்லர். ஒரே குடும்பப் பெயர், ஆனால் சொந்தம் எதுவும் இல்லை. பிரெடரிக் பின்னாளில் வெள்ளிப் பாத்திர வேலையில் அமெரிக்காவின் முன்னணிக் கைகளில் ஒருவரானார். பாட்டர் அண்ட் மெல்லன் என்ற பழைய கிளீவ்லாந்து நகைக்கடையிலும் பிற்பாடு அவருக்குப் பங்கு இருந்தது. ஆக, ஒருவர் வெள்ளி, ஒருவர் தங்கம். இருவரும் ஒரே பள்ளியில் ஆசிரியர்களாகவும் ஆனார்கள்.

இரண்டாவது காரணம் எனாமல். நாம் மீனா வேலை என்று சொல்வோமே, உலோகத்தின் மேல் கண்ணாடித் தூளை உருக்கி நிறம் ஏற்றுவது, அதுதான். அமெரிக்காவில் அதற்குக் கிளீவ்லாந்துதான் தலைநகர் மாதிரி இருந்தது. கென்னத் பேட்ஸ் என்ற எனாமல் ஆசிரியர் அதே கலைப்பள்ளியில் பல ஆண்டுகள் கற்பித்தார். குளியல் தொட்டி, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டிகளுக்கு எனாமல் பூச்சு தயாரிக்கும் ஃபெர்ரோ நிறுவனமும் இந்த ஊரில் பிறந்ததுதான். கண்ணாடியும் உலோகமும் சூளைக்குள் எப்படி ஒத்துப்போகும், எப்போது சண்டை போடும் என்பது தெரிந்த மனிதர்கள் நிறைந்த ஊர்.

மூன்றாவது, கிளீவ்லாந்து கலை அருங்காட்சியகம் 1919 முதல் ஆண்டுதோறும் நடத்திவந்த 'மே ஷோ'. அந்த வட்டாரக் கலைஞர்களின் வேலையைத் தேர்ந்தெடுத்துக் காட்சிக்கு வைக்கும் நிகழ்ச்சி. ஓவியத்துக்குக் கிடைத்த அதே கூரையின் கீழ் நகைக்கும் எனாமலுக்கும் இடம் கிடைத்தது. மில்லர் அதில் தொடர்ந்து பங்கேற்றார். ஊர்க்காரர்கள் அவருடைய வேலையை ஆண்டுக்கு ஆண்டு பார்த்து வளர்ந்தார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

மணி, சூடு, செம்பு

இனி நுட்பத்துக்கு வருவோம். இதில் கொஞ்சம் நேரம் செலவழிக்க விரும்புகிறேன். இது புரியாவிட்டால் மில்லர் செய்தது வெறும் 'அழகான நகை' என்ற அளவில் நின்றுவிடும்.

இத்தாலியில் கி.மு. ஏழாம் நூற்றாண்டையொட்டி வாழ்ந்த எட்ருஸ்கன் மக்களின் கல்லறைகளிலிருந்து தங்க நகைகள் கிடைத்திருக்கின்றன. செர்வெத்தெரி என்ற ஊரில் 1836-ல் திறக்கப்பட்ட ரெகோலினி-கலாசி கல்லறை அவற்றில் பெயர்போனது. அந்த நகைகளின் மேல் சிங்கமும் வாத்தும் கோலக் கட்டங்களும் தங்க மணிகளால் போடப்பட்டிருக்கும். மிக நுண்ணிய வேலைகளில் மணியின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கண்ணுக்கு மணியாகத் தெரியாது. மகரந்தம் படிந்ததுபோலத் தெரியும். இதற்கு ஆங்கிலத்தில் பெயர் கிரானுலேஷன்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 0.2 மில்லிமீட்டர் மணிகளாக மாற்றினால், ஒரு பவுன் தங்கத்தில், அதாவது எட்டு கிராமில், ஏறக்குறைய ஒரு லட்சம் மணி வரும். அவ்வளவு சிறியது.

மணி செய்வது ஆச்சரியமாக எளிது. தங்கக் கம்பியை அச்சில் இழுத்து மெல்லிசாக்கி, பொடிப்பொடியாக நறுக்கி, மூசைக்குள் கரித்தூளோடு அடுக்கடுக்காக வைத்துச் சூடேற்றினால் போதும். உருகிய தங்கம் தானாகவே உருண்டையாகச் சுருண்டுகொள்ளும். ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் கரித்தூள் பிரித்து வைக்கும். ஆறிய பிறகு கரியைக் கழுவிவிட்டு, சல்லடைகளில் சலித்து அளவு வாரியாகப் பிரித்தால் முடிந்தது.

கஷ்டம் ஒட்டுவதில். இவ்வளவு சிறிய மணியைப் பொடி வைத்து ஒட்டினால், உருகிய பொடி மணிகளுக்கு நடுவே வழிந்து நிரம்பிவிடும். மணி பாதி மூழ்கிப்போகும். சேற்றில் புதைந்த கூழாங்கல்லைப் போல ஆகிவிடும். எட்ருஸ்கன் வேலையில் ஒவ்வொரு மணியும் தகட்டின் மேல் ஒரு புள்ளியில் மட்டும் தொட்டுக்கொண்டு முழு உருண்டையாக நிற்கும். அதன் அடியில் மெல்லிய நிழல் விழும். அந்த நிழல்தான் தங்கத்துக்கு வெல்வெட் துணியைப் போன்ற மென்மையைத் தருகிறது.

விடை செம்பில் இருக்கிறது. தூய தங்கம் 1064 டிகிரி செல்சியஸில் உருகும். செம்பு 1085-ல். இரண்டும் தனித்தனியே ஆயிரத்தைத் தாண்டியே இளகுபவை. ஆனால் குறிப்பிட்ட விகிதத்தில் ஒன்றோடொன்று கலந்தால் தொள்ளாயிரத்தை ஒட்டிய சூட்டிலேயே உருகிவிடும். ஆகவே மணி தகட்டைத் தொடும் அந்த ஒரு புள்ளியில் மட்டும் கொஞ்சம் செம்பைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டால், மணியும் தகடும் அசையாமல் இருக்க, புள்ளி மட்டும் இளகி இணைந்துவிடும்.

செம்பை அங்கே கொண்டுபோக உலோகமாக வைக்கத் தேவையில்லை. செம்பு உப்பைக் கோந்தில் குழைத்து, அந்தக் கோந்தாலேயே மணிகளைத் தகட்டில் ஒட்டலாம். சூடு ஏறும்போது செம்பு உப்பு ஆக்ஸைடாக மாறும், கோந்து கரியாகும். அந்தக் கரி ஆக்ஸைடிலிருந்து ஆக்ஸிஜனைப் பிடுங்கிக்கொண்டு வாயுவாகப் போய்விடும். மிஞ்சுவது சுத்தமான செம்பு, கண்ணுக்குத் தெரியாத அளவு, வேண்டிய இடத்தில் மட்டும். இன்னும் கொஞ்சம் சூடு ஏறியதும் அது தங்கத்துக்குள் கலந்து மறைந்துவிடும். பழங்காலத்தவர்கள் மாலகைட் போன்ற பச்சைச் செம்புக் கனிமத்தைத் தங்க வேலைக்குப் பயன்படுத்தினார்கள். கிரேக்கத்தில் அதற்குப் பெயர் கிரிசொகொல்லா. 'தங்கப் பசை' என்றே பொருள்.

சொல்ல எளிது. செய்யும்போது முழுப் பொருளையும் ஒரே சீராகச் சூடேற்ற வேண்டும். ஒரு பக்கம் பின்தங்கினால் அங்கே மணி ஒட்டாது, பிறகு தூரிகை பட்டாலே உதிரும். ஒரு பக்கம் முந்தினால் மணிகள் சரிந்து தகட்டோடு கரைந்துவிடும். தீயில் ஆக்ஸிஜன் அதிகமாகிவிட்டால் செம்பு ஆக்ஸைடாகவே தங்கிவிடும், ஒட்டு பிடிக்காது. சரியான கணத்தில் தங்கத்தின் மேற்பரப்பில் ஒரு மினுக்கு ஓடும். தண்ணீர் படர்ந்ததுபோல் ஒரு நொடி. அப்போது தீயை எடுத்துவிட வேண்டும். அதற்கு முன்னால் எடுத்தாலும் பின்னால் எடுத்தாலும் வாரக்கணக்கில் அடுக்கிய மணிகள் வீண்.

அவருக்கு முன்னால் வந்தவர்கள்

19-ம் நூற்றாண்டில் ரோம் நகரின் கஸ்தெல்லானி குடும்பம் இந்த நகைகளைப் பார்த்து மயங்கி, அதேபோல் செய்ய முயன்றது. பழைய முறை கிராமத்தில் எங்காவது பிழைத்திருக்குமா என்று தேடி, மார்க்கே பகுதியின் சாந்த் ஆஞ்செலோ இன் வாதோ என்ற ஊரிலிருந்து பொற்கொல்லர்களை வரவழைத்தார்கள். அழகான நகைகள் பிறந்தன, ஐரோப்பா முழுவதும் விற்றன. ஆனால் மிக நுண்ணிய மணி வேலையை அவர்களால் எட்ட முடியவில்லை.

பிறகு 1930-களில் ஒரே நேரத்தில் பல கதவுகள் திறந்தன. இங்கிலாந்தில் லிட்டில்டேல் என்பவர் மேலே சொன்ன செம்பு உப்பு முறையை 1933-ல் காப்புரிமை எடுத்தார். ஜெர்மனியில் யோஹான் மிஷேல் வில்ம், எலிசபெத் திரெஸ்கோவ் ஆகியோர் தங்கள் பட்டறைகளில் வெற்றி கண்டார்கள். அதனால்தான் 'மீட்டவர்' என்ற பட்டத்தை மில்லருக்கு மட்டும் கொடுப்பது சரியல்ல என்கிறேன். அட்லாண்டிக்கின் அமெரிக்கப் பக்கத்தில், குருவென்று ஒருவர் பக்கத்தில் நிற்காமல், புத்தகங்களில் பார்த்த பழைய நகைகளால் தூண்டப்பட்டு, திரும்பத் திரும்பச் செய்து பார்த்துத் தன் கையால் கண்டடைந்தவர் என்பதுதான் சரியான விவரம். அமெரிக்காவில் இந்த நுட்பம் பரவ அவரே முதற்காரணம்.

நண்டும் அந்துப்பூச்சியும்

இப்போது ஒரு கேள்வி. நுட்பம் கைக்கு வந்த பொற்கொல்லர் அதை வைத்து என்ன செய்வார்? பெரும்பாலோர் எட்ருஸ்கன் மாதிரியே செய்வார்கள். முக்கோணங்கள், ரோஜா இதழ் வட்டங்கள், பழைய சங்கிலிகள். வாங்குகிறவர்களும் அதையே கேட்பார்கள்.

மில்லர் திரும்பியது கடலடிக்கும் தோட்டத்துக்கும். ஆக்டோபஸ், நண்டு, நத்தை, வண்டு, அந்துப்பூச்சி. வீட்டுக்குள் வந்தால் நாம் துடைப்பத்தை எடுக்கும் உயிர்கள். அவற்றைத் தங்கத் தகட்டில் வளைத்து உருவாக்கி, உடம்பின் மேல் மணிகளை வரிசையாகவும் கூட்டமாகவும் பதித்தார். நண்டின் ஓட்டில் உண்மையிலேயே சிறு பருக்கள் இருக்கின்றன. அந்துப்பூச்சியின் இறகில் உண்மையிலேயே தூள் படிந்திருக்கிறது. கிரானுலேஷன் அங்கே மேலே ஒட்டிய அலங்காரமாக இல்லை, அந்த உயிரின் தோலாகவே ஆகிவிடுகிறது. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழைய நுட்பத்துக்குப் பொருத்தமான பாடுபொருளைக் கண்டுபிடித்தார் என்பதே என் கணிப்பு.

அடுத்த படி இன்னும் துணிச்சலானது. மணி பதித்த தங்கத்தின் மேல் எனாமலும் ஏற்றினார். 1950-களிலிருந்து இதுவே அவருடைய அடையாளமானது.

இது ஏன் துணிச்சல் என்று சொல்கிறேன். எனாமல் என்பது அரைத்த கண்ணாடி. அதைத் தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவி, ஈரமாகவே நுண்ணிய கருவியால் எடுத்து வைத்து, உலரவிட்டு, எண்ணூறு டிகிரியை ஒட்டிய சூளையில் சில நிமிடம் வைப்பார்கள். ஒரு முறை அல்ல, நிறம் ஆழமாகும்வரை பல முறை. சாதாரண ஒட்டுப்பொடி வைத்த நகையை இப்படித் திரும்பத் திரும்பச் சூளைக்குள் அனுப்பினால் பொடி மறுபடி இளகத் தொடங்கும், எனாமலின் நிறத்தையும் கெடுக்கும். மணிகள் நகரும், உதிரும்.

இங்கேதான் பொடி இல்லாத ஒட்டின் அருமை தெரிகிறது. செம்பு தங்கத்துக்குள் கரைந்து பரவிய பிறகு அந்த இணைப்பு முன்பு இளகிய அதே சூட்டில் மறுபடி எளிதில் இளகாது. எனாமல் சூளையைத் தாங்கும். ஆக, எட்ருஸ்கன்களின் ஒட்டு, கிளீவ்லாந்தின் எனாமலுக்கு வழி திறந்துவிட்டது. ஒன்றைக் கற்றவர் மற்றொன்றை அறியாமல் இருந்திருந்தால் இந்தச் சேர்க்கை நடந்திருக்காது. கென்னத் பேட்ஸ் நடமாடிய அதே பள்ளியில் மில்லர் இருந்தது தற்செயல்தான், ஆனால் அந்தத் தற்செயலை முழுதாகப் பயன்படுத்திக்கொண்டவர் அவர்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சூளையிலிருந்து வெளியே வந்ததும் தங்கம் ஒரு வேகத்தில் சுருங்கும், கண்ணாடி இன்னொரு வேகத்தில். தட்டையான தகட்டில் இதைச் சமாளிக்கப் பின்புறமும் எனாமல் ஏற்றி இழுவையைச் சமன் செய்வார்கள். நண்டின் முதுகு போல வளைந்த, உள்ளே குடைவான வடிவத்தில் இது எளிதல்ல. கண்ணாடி விரிசல் விட்டால் சில நேரம் அன்றே தெரியும், சில நேரம் நாள் கழித்துத் தெரியும். வரிசையை முன்கூட்டியே யோசிக்காதவர் இதில் கைவைக்கவே முடியாது: எதை முதலில் வளைப்பது, எதை எப்போது ஒட்டுவது, எந்தச் சூடு எந்தச் சூட்டுக்குப் பின்னால். தொழில்துறை வடிவமைப்புப் படிப்பு வீண்போகவில்லை என்று இந்த இடத்தில்தான் எனக்குத் தோன்றுகிறது.

தங்கத்தைத் தேர்ந்தெடுத்தது

மில்லரின் தலைமுறையில் கலைநோக்கோடு நகை செய்த அமெரிக்கர்கள் பெரும்பாலும் வெள்ளி, செம்பு, பித்தளையில் செய்தார்கள். கூழாங்கல்லும் மரத்துண்டும்கூட நகையானது. விலை குறைவு, தவறு செய்து கற்கலாம். தங்கம் பெரிய கடைகளின் பொருளாக, வைரத்துக்குச் சட்டமாகப் பார்க்கப்பட்டது. போதாததற்கு 1933 முதல் 1974 இறுதிவரை அமெரிக்கர்கள் தங்கக் கட்டியைச் சேர்த்து வைப்பதற்கே சட்டத் தடை இருந்தது. தொழிலுக்கும் கலைக்கும் தேவையான தங்கத்துக்கு விலக்கு உண்டு. அந்த ஆண்டுகளில் பெரும்பகுதி, அவுன்ஸ் 35 டாலர் என்று அரசு விலை நிர்ணயித்திருந்த காலம்.

அந்தச் சூழலில் தங்கத்தையே தன் உலோகமாக எடுத்துக்கொண்டவர் மில்லர். பகட்டுக்காக அல்ல என்பது வேலையைப் பார்த்தாலே தெரியும். பெரிய கற்கள் இல்லை, எடை காட்டும் ஆசை இல்லை. மணி வேலை தங்கத்தில்தான் அதன் முழு அழகில் நிற்கும், எனாமலின் அடியில் தங்கம் இருந்தால்தான் நிறம் உள்ளிருந்து ஒளிரும். காரணம் அவ்வளவே. 1980 ஜனவரியில் தங்கம் 850 டாலரைத் தொட்டபோது எத்தனையோ சிறு பட்டறைகள் திணறின. அதற்குள் மில்லர் மூன்று பத்தாண்டுகளுக்கு மேல் இந்த வேலையில் இருந்துவிட்டார்.

அவர் கடை போடவில்லை, தன் பெயரில் பெரிய நிறுவனம் கட்டவில்லை. கிளீவ்லாந்து கலைப்பள்ளியில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆசிரியர் வேலை. மாதச் சம்பளம் வந்தது. அதனால் ஒரு நகைக்கு எத்தனை வாரம் ஆனாலும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. நீர்வண்ண ஓவியமும் வரைந்தார். உலகம் அறிந்த பெயர் ஆவதற்கு நியூயார்க் போயிருக்க வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாடிக்கையாளர் அவசரப்படுத்தும் கடையில் இந்த வேலை நடந்திருக்காது. ஆசிரியராக இருந்ததில் இன்னொன்றும் கிடைத்தது. தான் தட்டுத்தடுமாறிக் கண்டதை அவர் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. நம் ஊரிலும் எந்த ஊரிலும் பட்டறை ரகசியத்தை மகனுக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போகும் வழக்கம் இருந்தது என்பதை நினைத்தால், இதன் பெருமை புரியும்.

பாராட்டுகள் வந்தன. கிளீவ்லாந்து கலைப் பரிசு, பின்னர் அமெரிக்கக் கைவினைக் கழகத்தின் தங்கப் பதக்கம். அவருடைய நகைகள் கிளீவ்லாந்து கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன.

யாருக்காவது அங்கே போகும் வாய்ப்பு கிடைத்தால், அல்லது நல்ல தெளிவான படம் ஒன்று திரையில் கிடைத்தால், பெரிதாக்கி மணிகளின் அடியைப் பாருங்கள். பொடி வைத்த மணி என்றால் அடியில் பள்ளம் நிரம்பி, மணி தகட்டோடு சரிந்து சேர்ந்திருக்கும். மில்லரின் மணிகளுக்குக் கீழே மெல்லிய கழுத்து மட்டும் இருக்கும், அதைச் சுற்றி இருட்டு. பக்கத்து மணிக்கும் அதே கழுத்து, அதே இருட்டு. நண்டின் முதுகு முழுவதும் அப்படித்தான், எனாமலின் நீலம் தொடங்கும் விளிம்புவரைக்கும்.